கசப்புக்கு ஒரு ஸ்டார்

எனக்கு நாக்கு கிடையாது. பேசுவதற்கு உண்டு; அது தேவைக்கு மேலேயே உழைக்கிறது. ருசி பார்க்கத்தான் கிடையாது. கொரோனா வந்தபோது எல்லோரையும் போல எனக்கும் மணமும் ருசியும் போயின. மற்றவர்களுக்குச் சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டன. எனக்குக் கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் உப்பும் மட்டும் வந்து சேர்ந்தன. கசப்பு வரவே இல்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் மதியச் சாப்பாட்டை ருசி பார்த்து "பிரமாதம்" என்று சொன்னேன் பாருங்கள், வெட்கம் அதில் இருக்கிறது.

போச்சம்பள்ளித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சரியாக அளவு காட்டாத கருவியைக் கண்டால் அதன்மேல் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம். என்மேல் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை. கம்பெனியில் நான் கேன்டீன் கமிட்டி உறுப்பினர். வீட்டில் மனைவி வைக்கும் குழம்பைப் பற்றித் தினமும் அபிப்பிராயம் சொல்பவன். இரண்டு இடத்திலும் "நல்லா இருக்கு" என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக் காலம் தள்ளலாம் என்று சீக்கிரமே தெரிந்துகொண்டேன். சொல்லப்போனால், நாக்கு போன பிறகுதான் என்னை எல்லோரும் நல்ல ரசனைக்காரன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து போச்சம்பள்ளி வரும் வழியில் ஒரு நடுநிலைப் பள்ளி. என் மகன் அங்கே ஆறாவது படிக்கிறான். பெற்றோர்கள் குழுவில் ஆள் வேண்டும் என்றார்கள். செகண்ட் ஷிப்டுக்குப் போகிறவன் காலையில் சும்மா இருப்பான் என்ற ஒரே தகுதியில் என்னைச் சேர்த்தார்கள். நானோ அதற்கு முன்பே உணவு, மண், விதை, தண்ணீர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டு, கேட்க ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்றார். தவறு அவருடையதுதான் என்று சொல்ல ஆசை.

முதல் வாரம், நாம் சாப்பிடும் சாப்பாடு எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்று பேசினேன். பக்கத்தில் விளைவதைச் சாப்பிட்டால் லாரி ஓட வேண்டியதில்லை, புகை குறையும் என்றேன்.

"சார், அப்ப முட்டை எங்கிருந்து வருது?" என்றது ஒரு குழந்தை.

"நாமக்கல்ல இருந்து."

"அது பக்கமா சார், தூரமா சார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

அடுத்து, சிறுதானியம் என்று ஒரு நாள் கேழ்வரகுக் களி கிண்ட ஏற்பாடு செய்தேன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தட்டைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "வூட்டுலயும் களி, இங்கயும் களியா சார்?" என்று ஒருவன் கேட்டான். திருநெல்வேலியிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இதை எந்தப் பக்கம் கடிப்பது என்று கேட்டான்.

ஆனால் ஸ்டார் வெற்றி பெற்றது. சாம்பாரில் இருக்கும் காயையெல்லாம் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, கடைசியில் நாய்க்குப் போடுவார்கள். பாகற்காய் பொரித்தால் நாய்க்கு விருந்து. அதுவும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நான் காவேரிப்பட்டினம் ஸ்டேஷனரிக் கடையில் தங்க நிற ஸ்டார் ஸ்டிக்கர் வாங்கி வந்தேன். பிரார்த்தனைக் கூட்டத்தில் எல்லோர் முன்பும் அறிவித்தேன்: "கசப்பு மருந்து. கசக்குதுன்னு துப்புறவங்க பாப்பா. முழுங்குறவங்களுக்கு ஸ்டார்." சில வாரங்களில் பாகற்காயும் வெந்தயக் கீரையும் தட்டில் மிச்சமே இல்லை. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு முழுங்கிவிட்டு நெற்றியை நீட்டினார்கள். என் வாழ்நாளில் நான் சொன்னதைக் கேட்டு அப்படியே நடந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் கைகழுவும் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று அதைத் திருப்பிவிட்டுச் சுற்றுச்சுவர் ஓரம் ஒரு தோட்டம் போட்டேன். கடையில் விற்கும் விதை ஆகாது, நாட்டு விதைதான் வேண்டும் என்று பிடிவாதம். ஏரிக்கரைப் புதரில் தானாக முளைத்துப் படர்ந்திருந்த ஒரு சுரைக்கொடியில் காய்ந்து தொங்கிய காயை உடைத்து விதை எடுத்தேன். அந்தக் கரையில் ஆடுகள் முள்ளைக்கூட விடுவதில்லை. இந்தக் கொடியை மட்டும் ஒரு ஆடும் கடித்திருக்கவில்லை. அதைப் பார்த்து நான் என்ன நினைத்திருக்க வேண்டும்? "என்ன ஒரு எதிர்ப்புச் சக்தி" என்று நினைத்தேன். பிள்ளைகளிடம் அதையே பாடமாகவும் நடத்தினேன்.

கொடி படர்ந்தது. மாசியில் வெயில் ஏறியதும் தண்ணீரைக் குறைத்தேன். அப்போதுதான் வேர் ஆழமாகப் போகும் என்று எங்கோ படித்திருந்தேன். பூத்ததெல்லாம் உதிர்ந்து கடைசியில் ஒரே ஒரு காய் தங்கியது. அந்த ஒரு காய்க்கு அறுபது பிள்ளைகள் காவல். ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பறித்து, கையில் ஏந்தி, கைதட்டலோடு சமையலறைக்குக் கொண்டுபோனோம். நம் தோட்டத்துக் காய், நம் சாம்பார்.

பரிமாறும் முன் பெரியவர்கள் யாராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தினமும் சமையல் செய்யும் அம்மாவும் தலைமையாசிரியையும் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைக்குக் கிருத்திகை. சமையலம்மா விரதம், வாயில் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் படாது. தலைமையாசிரியை கத்தோலிக்கர், தவக்காலத்து வெள்ளி.

"ஒருசந்தி சார் எனக்கு. ராத்திரிதான் சாப்பாடு," என்றார் அவர். இன்னொரு ஆசிரியர் பயிற்சிக்குக் கிருஷ்ணகிரி போயிருந்தார்.

"அதுக்கென்னா, சாரு இருக்காரே. கேன்டீனுக்கே மார்க் போடுறவரு," என்று சமையலம்மா ஒரு கரண்டி சாம்பாரை, காய்த் துண்டோடு, என் தட்டில் ஊற்றினார்.

அறுபது ஜோடிக் கண்கள் ஜன்னல் வழியே என்னைப் பார்த்தன. சூடு தெரிந்தது. உப்பு ஏதோ இருந்தது. துண்டு மெத்தென்று வெந்திருந்தது. நான் கண்ணை மூடி, தலையை இரண்டு பக்கமும் ஆட்டி, ரசனைக்காரர்கள் ஆட்டுவது போல, "பிரமாதம்" என்றேன். சாப்பிட்டும் காட்டினேன். ஒரு முழுத் தட்டு.

சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு, தலைமையாசிரியையின் அறையில் உட்கார்ந்து, ஷிப்டுக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது என்று கால் நீட்டியிருந்தேன். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஸ்டார்."

"இன்னிக்கு எதுக்கும்மா ஸ்டார்? பாவக்கா இல்லியே."

"சொரக்கா கசந்துச்சு சார். முழுங்கிட்டன்."

சிரித்தேன். குழந்தை ஏமாற்றி ஸ்டார் வாங்கப் பார்க்கிறது என்று நினைத்தேன். அவளுக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றார்கள். அப்புறம் நாலைந்து பேர். வராண்டா வரைக்கும் வரிசை நின்றது. எல்லோரும் நெற்றியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார்கள்.

"ரொம்பக் கசப்பா?" என்றேன். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, எடுக்க மறந்துவிட்டேன்.

"பாவக்காய விடக் கசப்பு சார்."

"நாக்கு இழுத்துக்கிச்சு சார்."

"நான் தண்ணியே குடிக்கல சார், அப்படியே முழுங்கினன். ரெண்டு ஸ்டார் குடுங்க."

கண்டதையும் படிக்கிறவனுக்கு ஒரு தண்டனை உண்டு. வேண்டாத நேரத்தில் எல்லாம் நினைவுக்கு வரும். கசக்கும் சுரைக்காய் விஷம் என்றும், வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது என்றும், உடம்புக்கு நல்லது என்று கசந்த சுரைச் சாற்றைக் குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்றும் நான் படித்திருந்தேன். படித்தபோது "பாவம், நாக்கு சொன்னதைக் கேட்காத முட்டாள்கள்" என்று நினைத்ததும் நினைவுக்கு வந்தது. ஏரிக்கரையில் ஆடுகள் நினைவுக்கு வந்தன. வரிசையில் நின்ற அத்தனை நெற்றிகளும் என் முன்னால் இருந்தன. கையிலிருந்த ஸ்டிக்கர் தாளைச் சட்டைப் பையில் திணித்தேன்.

சமையலறைக்கு ஓடினேன். சமையலம்மா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மீதி சாம்பார் இருக்கா?"

"எங்க சார், தொடச்சி வெச்சிட்டுப் போயிட்டாங்க பசங்க. அவ்ளோ நல்லா இருந்துச்சா?"

தலைமையாசிரியை பின்னாலேயே வந்துவிட்டார். என் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"சார், புள்ளைங்க கசப்புங்குதுங்க. நீங்க சாப்ட்டீங்களே. கசந்துச்சா, இல்லியா?"

"தெரியல டீச்சர்."

"தெரியலன்னா?"

"எனக்குக் கசப்பு தெரியாது. கொரோனாவுக்கு அப்புறம்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார்; அடுத்த நிமிடம் போனை எடுத்து ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கூப்பிட்டார். பேசிக்கொண்டே மணியடிக்கும் கம்பியை நோக்கிக் கை காட்டினார். நான் போய் அடித்தேன். அத்தனை பிள்ளைகளும் வராண்டாவில் வந்து உட்கார்ந்தார்கள். காயைத் தின்றவர்கள் ஒரு பக்கம், வெறும் சாம்பார் ஊற்றிக்கொண்டவர்கள் ஒரு பக்கம். ஒரு காய்தானே, அறுபது தட்டில் பலருக்குத் துண்டே வந்திருக்காது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். தின்றவர்கள் பக்கம் பார்த்தேன். பாதிக்கு மேல் அங்கேதான் இருந்தார்கள். நம் தோட்டத்துக் காய் என்று சண்டை போட்டு வாங்கியிருக்கிறார்கள்.

என் மகன் சாம்பார்ப் பக்கம் உட்கார்ந்திருந்தான்.

"நீ காய் தின்னலயாடா?"

"ஒரு கடி கடிச்சன். கசந்துச்சு. கீழ வெச்சிட்டன்."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீங்கதான் பிரமாதம்னு தலையாட்டினீங்க. நான் கசக்குதுன்னா எல்லாரு முன்னாடியும் பாப்பான்னு சொல்லுவீங்க."

தலைமையாசிரியை வருகைப் பதிவைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், இரண்டாம் வகுப்பில் ஒரு பெயரில் நின்றார். பதில் வரவில்லை.

"அவ போயிட்டா டீச்சர்," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குழந்தை. "அவங்கம்மா வந்து கூட்டினு போயிட்டாங்க. நாகரசம்பட்டில பெரியம்மா வூட்டுல விசேஷம்."

"அவ காய் சாப்ட்டாளா?"

"எங்க எல்லாரோடதும் அவதான் தின்னா. நாலு பேரோடது. ஒரு காய்க்கு ஒரு ஸ்டார்னா அஞ்சு ஸ்டார் வருமாம்."

அந்தக் குழந்தையை எனக்குத் தெரியும். வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பம். ஒல்லியான உடம்பு, முன்பல் இரண்டும் விழுந்தது. களி நாளில் எல்லோரும் முகம் சுளித்தபோது இன்னொரு உருண்டை கேட்டு வாங்கிய ஒரே ஆள் அவள். நோட்டின் அட்டையில் ஸ்டார்களை வரிசையாக ஒட்டி வைத்திருப்பாள். நெற்றியில் ஒட்டினால் வியர்வையில் விழுந்துவிடுகிறதாம்.

அவள் அம்மாவுக்குப் போன் அடித்தோம். அடித்துக்கொண்டே இருந்தது. அந்த அம்மாவும் ஒரு கம்பெனியில்தான் வேலை பார்க்கிறார். உள்ளே போன் கூடாது என்பதால் எப்போதும் சத்தத்தை அணைத்தே வைத்திருப்பார். மறுபடியும் அடித்தோம். மறுபடியும்.

"நான் போறேன்," என்றேன்.

"போங்க. இங்க நர்ஸு வராங்க, நான் பாத்துக்கறன். வாந்தி எடுத்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாரச் சொன்னாங்க. சார்," என்று தலைமையாசிரியை என்னை நிறுத்தினார். "நீங்களும் சாப்ட்டீங்க. வண்டி ஓட்டுவீங்களா?"

ஓட்டுவேன் என்றேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. வயிறு அமைதியாக இருந்தது. வண்டியை எடுத்துச் சாலைக்கு வந்த பிறகுதான் அந்த அமைதியில் ஒரு பயன் இருப்பது தோன்றியது. நாக்கு வேலை செய்யாவிட்டால் என்ன, வயிறு இருக்கிறது. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்ட எனக்கே ஒன்றுமில்லை என்றால் அவளுக்கும் ஒன்றுமிருக்காது. நான்தான் இப்போது அளவுக் கருவி. வழிநெடுக வயிற்றைக் கவனித்துக்கொண்டே போனேன். கம்பெனி பஸ்கள் எதிரே ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்தன. அதில் ஒன்றில் நான் இருக்க வேண்டும்.

மாந்தோப்புகள் ஆரம்பிக்கும் இடத்தில் தொப்புளுக்கு மேலே சுருக்கென்றது. குழியில் ஏறி இறங்கியதால் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி சுருக்கென்றது. மூன்றாவது முறை வண்டியை ஓரம் கட்டினேன். ஒரு தோப்பின் வேலியைப் பிடித்துக்கொண்டு, குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுத்தேன். மரங்களில் பட்டாணி அளவுக்குப் பிஞ்சு விட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே குனிந்து நின்றேன். கண்ணில் தண்ணீர், காதில் அடைப்பு. என் எடை எவ்வளவு, அவள் எடை எவ்வளவு என்று தரக்கட்டுப்பாட்டு மூளை ஒரு பக்கம் தானாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. அதை நிறுத்த முடியவில்லை. நான் தின்றது சில துண்டு. அவள் ஐந்து தட்டின் துண்டுகள்.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினேன் என்று சரியாக நினைவில்லை. நாகரசம்பட்டியில் விசேஷ வீடு எது என்று மூன்று இடத்தில் கேட்டேன். என் சட்டையைப் பார்த்து ஒரு பெட்டிக்கடைக்காரர், "குடிச்சிட்டு விசேஷ வூட்டுக்குப் போயி ரகள பண்ணப் போறியா?" என்று வழி சொல்ல மறுத்தார். கடைசியில் பந்தல் தெரிந்தது. மைக்செட் பாடிக்கொண்டிருந்தது.

அவள் அம்மா வாசலிலேயே இருந்தார். கையில் மிளகாயும் உப்பும் வைத்து, மடியில் கிடந்த குழந்தையின் தலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

"சாரு? என்னா சார் இவ்ளோ தூரம்? பாருங்க சார் இதுக்கு. பஸ்ஸு ஒத்துக்கல. வந்ததுல இருந்து நாலஞ்சு தரம் வாந்தி. பஸ்ஸுல யாரோ இது கம்மலப் பாத்துகினே வந்தாங்க, கண்ணு பட்டுடுச்சு."

குழந்தையின் உதடு வெளுத்திருந்தது. கை சில்லென்றிருந்தது. முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்மா. இப்பவே."

"சுத்திப் போட்டா சரியாப் போயிடும் சார்."

"இல்லம்மா. ஸ்கூல் சாப்பாடு. காய் சரியில்ல. வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். மிளகாய் கையிலிருந்து விழுந்தது. உள்ளே திரும்பித் தெலுங்கில் ஏதோ கத்தினார். பெரியப்பா மாங்காய் ஏற்றும் சின்ன லோடு வண்டியின் சாவியோடு ஓடி வந்தார். அம்மாவும் குழந்தையும் முன்னால் ஏறினார்கள். நான் என் வண்டியைப் பந்தலிலேயே போட்டுவிட்டுப் பின்னால் காலிக் கூடைகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன். முன் அறையின் சின்னக் கண்ணாடி வழியாக அம்மாவின் தோளும் அதன்மேல் கிடந்த தலையும் தெரிந்தன. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தத் தலை ஆடியது. தானாக ஆடுகிறதா, குலுக்கலில் ஆடுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். சாமி நம்பிக்கை பற்றி நான் நிறையக் கிண்டல் செய்து பேசியிருக்கிறேன். அந்தக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, கிருத்திகைக்கு உரியவரையும் ஒருசந்திக்கு உரியவரையும் ஒருவர் விடாமல் கூப்பிட்டேன்.

அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். குழந்தையின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அந்த இரண்டாவது தடவையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"என்ன சாப்ட்டா?"

"காலையில பழைய சோறு குடுத்தன் மேடம்," என்றார் அம்மா. "வேலைக்கு லீவு சொல்ல ஓடினன், சமைக்கல. என்மேலதான் தப்பு. நேத்தைய சோறு. அதான்."

பிடித்துக்கொள்ள ஒரு பழைய சோறு கிடைத்தது. டாக்டர் தலையைக்கூட அசைத்துவிட்டார். ஒரு மூச்சு நேரம் நான் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே எழுதாமல் விட்டால், இவ்வளவு எழுதியதும் வீண்.

"சுரைக்காய் டாக்டர்," என்றேன். "கசப்புச் சுரைக்காய். ஏரிக்கரையில தானா வளந்த கொடியோட விதை. நான்தான் போட்டேன். நான்தான் ருசி பார்த்தேன். எனக்கு ருசி தெரியாது. கசப்பு தின்னா ஸ்டார் தர்றேன்னு சொன்னதும் நான்தான். அஞ்சு பேர் பங்கைத் தின்னிருக்கா."

டாக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. நர்ஸிடம் ஏதேதோ சொன்னார். ஊசி, குழாய், பாட்டில் எல்லாம் வந்தன. "வாந்தியில ரத்தம் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றார் அம்மா. "இதுக்குன்னு தனியா மருந்து ஒண்ணும் இல்ல. ட்ரிப்ஸ் போடறேன். பிரஷர் ஏறணும். ஏறலன்னா கிருஷ்ணகிரிக்கு அனுப்பணும்."

குழந்தைக்கு ஒரு பக்கம் படுக்கை. எனக்கும் ஒரு ஊசி போட்டு எதிரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாட்டிலிலிருந்து சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த அம்மா மகளின் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்தார். வெயில்தான் காரணம், ஜன்னல் வழியே கண்ணில் அடித்தது. வெயில் இறங்கிய பிறகும் முந்தானையை எடுக்கவில்லை.

தலைமையாசிரியை போன் செய்தார். மூன்று பிள்ளைகள் வாந்தி எடுத்தார்களாம். நர்ஸ் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்திருக்கிறார். இப்போது விளையாடப் போகிறேன் என்கிறார்களாம். பெற்றோர்கள் வந்து கூட்டிப் போகிறார்கள். "அந்தப் புள்ள?" என்றார். "ட்ரிப்ஸ் ஏறுது," என்றேன்.

டாக்டர் திரும்பத் திரும்ப வந்து பட்டையைச் சுற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தில் எதையாவது படிக்கப் பார்த்தேன். எவ்வளவு படித்தவனாக இருந்தும் அந்த முகத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. வெளியே மாமரத்தில் பறவைகள் அடைய ஆரம்பித்தபோது, பட்டையை அவிழ்த்துவிட்டு, முதல் தடவையாக அம்மாவின் தோளில் கை வைத்தார்.

"ஏறுது. இனிமே அனுப்ப வேணாம். இன்னிக்கு இங்கயே இருக்கட்டும்."

அந்த அம்மா முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கை விரல்கள் பிரிய நேரம் ஆனது.

கொஞ்ச நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தாள். எதிரே என்னைக் கண்டதும் உற்றுப் பார்த்தாள்.

"சார்."

"சொல்லும்மா."

"வாந்தி எடுத்துட்டா ஸ்டார் உண்டா, இல்லியா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு மத்தியானத்துக்குப் பிறகு அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தார். ஸ்டிக்கர் தாள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுக்கத் தைரியம் வரவில்லை.

திங்கட்கிழமை கொடியை வேரோடு பிடுங்கினோம். பிரார்த்தனைக் கூட்டத்தில் நின்று, எனக்கு நாக்கு வேலை செய்யாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். பாகற்காய் கசக்கலாம், அது அதன் குணம். சுரைக்காயோ வெள்ளரிக்காயோ பீர்க்கங்காயோ கசந்தால் உடனே துப்ப வேண்டும், துப்பிவிட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும், யார் பிரமாதம் என்றாலும் கேட்கக் கூடாது என்றேன். ஏரிக்கரை ஆடுகளைப் பற்றியும் சொன்னேன். பிள்ளைகள் ஆட்டுக்குத்தான் கைதட்டினார்கள். தலைமையாசிரியை இனி விரத நாளிலும் ஒரு வாய் தானே சாப்பிட்டுப் பார்ப்பதாக முடிவு செய்திருந்தார். பங்குத் தந்தையிடம் கேட்டுக்கொண்டாராம். கேன்டீன் கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் குழம்பில் உப்பே போடாமல் வைத்துப் பார்த்தாள். அதையும் நல்லா இருக்கு என்று சொல்லித் தொலைத்தேன்.

புதன்கிழமை அந்தக் குழந்தை பள்ளிக்கு வந்தாள். இளைத்திருந்தாள். மதியம் தட்டோடு வரிசையில் உட்கார்ந்தாள். தட்டில் தக்காளிச் சாதமும் முட்டையும் இருந்தன. என் தோட்டத்துச் சாமான் எதுவும் இல்லை. எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் சோற்றைத் தொடாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், நீங்க சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டம்மா. நல்லா இருக்குது. சாரும் சாப்ட்டாரு," என்றார் தலைமையாசிரியை, என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் நல்ல மனசில்.

குழந்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முட்டையை எடுத்தாள்.

"அவரு சாப்ட்டது சேத்தி இல்ல, டீச்சர்."